கனமான கார் ரோட்டைப் பிடிக்குமா? மசில் காரும் எடைப் பெயர்ச்சியும்

“கனமான வண்டிதான் ரோட்டை நன்றாகப் பிடித்து ஓடும் என்று சொல்கிறார்கள். அப்படியானால் ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள அமெரிக்க மசில் கார்கள் வளைவுகளில் ஏன் தடுமாறுகின்றன?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. நேர்சாலையில் கார் கிளம்பும் நொடியில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வளைவில் அறவே இல்லை. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே இயக்கம்தான் என்பதால், அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

1964-ஆம் ஆண்டு மாடலாகப் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் காரில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட 6.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றதிலிருந்து மசில் கார் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். முன்புறம் பெரிய எஞ்சின், பின்சக்கரங்களுக்கு இயக்கம் என்ற அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. 2015-ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் சுமார் 2,000 கிலோ எடையும் 707 குதிரைத்திறனும் கொண்டது. அதாவது ஒரு குதிரைத்திறன் சுமக்க வேண்டியது மூன்று கிலோவுக்கும் குறைவு. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்ற பள்ளிப் பாடம் இதுவரை போதும். ஆனால் அந்த விசை முழுவதும், கையை விரித்து வைத்த அளவுக்குத் தரையைத் தொடும் இரண்டு பின்டயர்கள் வழியாகத்தான் சாலைக்குப் போயாக வேண்டும்.

ஓர் எளிய கணக்கு போடுவோம். காரின் எடை 1,900 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் நிற்கும்போது முன்னச்சில் 1,080 கிலோவும் பின்னச்சில் 820 கிலோவும் அழுத்துகின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குக் கார் சீறிக் கிளம்பினால், எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மைய உயரத்தாலும் பெருக்கி அச்சுகளின் இடைத்தூரத்தால் வகுக்க, சுமார் 175 கிலோ முன்னச்சை விட்டுப் பின்னச்சுக்குப் போகிறது. எடைப் பெயர்ச்சி என்பது இதுதான். காருக்குள் எந்தப் பொருளும் நகரவில்லை. சாலை டயரைத் தள்ளுவது தரைமட்டத்தில், நிறை தங்கியிருப்பது அதற்கு மேலே என்பதால் பிறக்கும் திருப்புவிசை அது. இந்த முடுக்கத்துக்குப் பின்டயர்கள் 950 கிலோ அளவுக்குச் சாலையைப் பிடித்துத் தள்ள வேண்டும். சுமையில் எவ்வளவு பங்கு பிடிப்பாக மாறும் என்று சொல்லும் உராய்வுக் குணகம் 0.96 என்று கொண்டால், 820 கிலோ சுமையில் கிடைக்கும் பிடிப்பு 790 கிலோகூட இல்லை. டயர் வெறுமனே சுழன்று புகைந்திருக்கும். பின்னால் வந்து சேர்ந்த 175 கிலோதான் பிடிப்பை 950-க்கு மேல் உயர்த்திக் காரை முன்னே தள்ளுகிறது.

இதை நேர்சாலையில் கால் மைல் தூரம் ஓட்டும் பந்தயக்காரர்கள் அறுபதுகளிலேயே நன்கு அறிந்திருந்தார்கள். 1964-இல் ஃபோர்டு நிறுவனம் சுமார் நூறு மட்டுமே தயாரித்த தண்டர்போல்ட் காரில் ரேடியோ, ஹீட்டர், வெயில் மறைப்பு, பயணி பக்கத்து வைப்பர் ஆகிய அனைத்தையும் கழற்றிவிட்டு, பானெட்டை ஃபைபர் கிளாஸில் செய்தார்கள். ஆனால் கனமான பேட்டரியை மட்டும் எஞ்சின் அருகிலிருந்து எடுத்து டிக்கியில் வைத்தார்கள். 2018-ஆம் ஆண்டின் டாட்ஜ் டீமன் அதே வழியில் வந்தது. காருடன் சேர்த்துத் தரப்பட்டது ஓட்டுநர் இருக்கை மட்டுமே. மற்ற இருக்கைகளை ஒரு டாலர் கட்டணத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. கிளம்பும்போது கார் மூக்கைத் தூக்கிப் பின்னால் சாய வேண்டும் என்பதற்காகவே ஹெல்கேட்டை விட மென்மையான ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார்கள். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, முன்சக்கரங்கள் தரையைத் தொடாமலே சுமார் 90 சென்டிமீட்டர் ஓடி அது கின்னஸ் பதிவு பெற்றது.

வளைவில் நடப்பதும் இதே பெயர்ச்சிதான், பக்கவாட்டில். உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்குச் சுமை போகிறது. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியிருக்கிறதே, மொத்தப் பிடிப்பு ஏன் மாற வேண்டும்? உராய்வு சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமான்டன்ஸ் வெளியிட்ட விதிப்படி மாறக் கூடாது. ஆனால் ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. பென்சில் அழிக்கும் ரப்பரை உப்புத்தாளின் மேல் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் மணல்துகள்களின் நுனிகள் மட்டுமே அதைத் தொடும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ரப்பர் துகள்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் இறங்கும். உண்மையான தொடுபரப்பு வளரும், பிடிப்பும் கூடும். பள்ளங்கள் பெரும்பாலும் நிரம்பிய பிறகோ, எவ்வளவு அழுத்தினாலும் புதிதாகத் தொடுவதற்கு அதிக இடம் மிச்சமில்லை. தார்ச்சாலையின் சொரசொரப்பில் டயருக்கு நேர்வதும் இதுதான்: சுமை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை.

உதாரணமாக, தலா 400 கிலோ சுமக்கும் இரண்டு டயர்கள் 400 கிலோ வீதம் மொத்தம் 800 கிலோ பிடிப்பைத் தருவதாகக் கொள்வோம். வளைவில் ஒன்று 600, மற்றொன்று 200 என்று சுமை பிரியும்போது, கனத்த டயரின் குணகம் 0.93-ஆகக் குறைந்து 558 கிலோவும், இலேசான டயரின் குணகம் 1.07-ஆகக் கூடி 214 கிலோவும் கிடைக்கும். மொத்தம் 772. எடை அப்படியே இருக்கிறது, 28 கிலோ பிடிப்பு காணாமற்போய்விட்டது. சுமை கூடக் கூடக் குணகம் குறையும் இந்தப் போக்கில், கனமான கார் தொடக்கத்திலேயே பாதகமான இடத்தில் நிற்கிறது. வளைவில் திரும்பத் தேவையான விசை எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. டயர் தரும் பிடிப்போ அதற்குப் பின்தங்கியே கூடுகிறது. அகலமான டயர் இந்த அழுத்தத்தைப் பரப்பிக் கொடுப்பதால்தான் மசில் கார்களில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம்.

உராய்வு என்ற அன்றாட நிகழ்வுக்குள் இவ்வளவு இருக்கிறது; ஆனாலும் கவர்ச்சி குறைந்த துறை என்று அந்த ஆராய்ச்சிக்கு நிதி தரத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சாலையில் போகும் ஒவ்வோர் உயிரும் அந்தச் சிறிய தொடுபரப்பை நம்பித்தான் போகிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வார்ப்பிரும்பால் ஆன பெரிய வி8 எஞ்சின் முன்டயர்களை நிரந்தரமாக அழுத்திக்கொண்டிருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்பாமல் கார் வெளிப்பக்கம் விலகிப் போகும். அண்டர்ஸ்டீயர் என்பது இதுதான். 1969-இல் 69 எண்ணிக்கை மட்டுமே தயாரான கமாரோ இசட்.எல்.1 காரின் 7 லிட்டர் எஞ்சினை அலுமினியத்தில் வார்த்தபோது, அதன் எடை சிறிய வி8 எஞ்சினின் எடைக்கு அருகில் வந்தது. பிரேக்கும் எடைக்குப் பதில் சொல்ல வேண்டும்: மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் 2,000 கிலோ காரை நிறுத்தும்போது வெளியேறும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையில் உள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சில நொடிகளில் அத்தனையும் பெரும்பாலும் பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது.

டாட்ஜ் நிறுவனத்தின் மின்சாரச் சார்ஜர் டேட்டோனாவின் எடை 2,600 கிலோவைத் தாண்டுகிறது. பேட்டரித் தொகுதி தரையடியில் கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கும் எடைப் பெயர்ச்சி குறைகிறது. ஆனால் கார் நேராக நிற்கும்போதே ஒவ்வொரு டயரும் சராசரியாக 650 கிலோ சுமக்கிறது. சாலையின் பள்ளங்களில் ரப்பர் ஏற்கெனவே வெகுதூரம் இறங்கியிருக்கிறது.