தன்னார்வலரைத் தேடுவது யார் வேலை?

குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனங்களில் தன்னார்வலர் எண்ணிக்கை குறையத் தொடங்கியதும், பழி முதலில் களப்பணியாளர்களின் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்கு ஆர்வம் போதவில்லை, ஏதாவது செய்து ஊக்கப்படுத்த வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். பாராட்டுச் சான்றிதழ், ஊக்கத்தொகை, மாதத்துக்கு இத்தனை பேர் என்ற இலக்கு ஆகியவை அடுத்தடுத்து வரும். மூணாறு, தேவிகுளம் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்தும் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து வருபவன் என்ற முறையில், இந்த மூன்றும் பெரிதாகப் பலன் தருவதில்லை என்றே சொல்வேன். மூன்றாவது ஆபத்தானதும்கூட.

இங்கே தன்னார்வலர் கிடைப்பது எளிதல்ல. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்களைக் கேட்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. ஆனால் வேலைக்காலம் முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும் என்பதால், அனுபவமும் நேரமும் ஒருசேர உள்ளவர்களில் பலர் மலையிறங்கிச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் வீடு திரும்ப மாலை ஐந்து மணிக்கு மேலாகிவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கும் அவர்கள் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்துக்காகத்தான் மையமே நடக்கிறது. ஆக, கேட்கத் தகுந்தவர்கள் ஒரு டிவிஷனில், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவில், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்கள் யார் யார் என்பது அந்த டிவிஷனில் வேலை செய்யும் பணியாளருக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும் அவர் ஏன் கேட்பதில்லை என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

முதல் காரணம் வெளிப்படையானது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் விண்ணப்பம், காவல்துறைச் சான்று, அறிமுகப் பயிற்சி, தொடக்க மாதங்களில் கூடவே இருந்து கவனிப்பது என்று பணியாளருக்கு வேலை கூடுகிறது. பழைய வேலை எதுவும் குறைவதில்லை. இரண்டாவது காரணத்தைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான களப்பணியாளர்கள் திட்ட நிதியில் ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். சம்பளமில்லாமல் அதே வேலையைச் செய்ய நான்கு பேர் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு தனக்கு இடமிருக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான அச்சம்தான். தன்னார்வலர் வருகையைக் காரணம் காட்டி எந்தப் பணியிடமும் குறைக்கப்படாது என்று எழுத்தில் தர மறுக்கும் நிர்வாகம், பணியாளரின் ஆர்வத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது காரணம் கூச்சம். "அன்னாடச் சம்பளத்துக்கு நிக்கிற ஆளுகிட்ட, சும்மா வந்து வேலை பாருன்னு எப்படி சார் கேக்குறது?" என்று பயிற்சி வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். தாராள மனம் படைத்தவர்கள் தாமாக வருவார்கள் என்ற வழக்கமான பதில் அவருக்குப் போதாது. போக்குவரத்துச் செலவு இருந்தால் அதை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் அன்றன்றே கையில் கொடுக்கும் அதிகாரமும், அதற்கான சிறு முன்பணமும் அவரிடம் இருந்தால் கூச்சம் பாதி குறையும். கேட்கும் வேலை குறிப்பாக இருந்தால் மீதியும் குறையும். 'குழந்தைகளுக்காக ஏதாவது செய்யுங்கள்' என்பதை விட, 'செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு, மார்ச் வரைக்கும்' என்று கேட்பது எளிது. மறுப்பவருக்கும் மனத்தாங்கல் வராது. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதன் பின்னால், ஊதியமின்றிக் கற்பித்த ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டதும் தெளிவான ஒரு வேலையே, அதற்கு ஒரு முடிவும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அந்தந்தக் குடியிருப்பிலேயே வசிப்பவர்களைச் சேர்த்து, நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வேலைக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் கேட்பவரை வெறுங்கையோடு நிற்கவிடவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பணியாளரின் மனத்தை மாற்றுவது வேறொன்று என்பதை நான் களத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு டிவிஷனில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசோடு ஓர் இளைஞர் வந்தார். நன்றாகப் பேசுவார், படித்தவர். ஆனால் பயிற்சி நாளிலேயே, பிள்ளைகளைத் தனியே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கலாமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். மையத்தை நடத்தும் பெண் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார். காரணத்தை நோட்டில் இரண்டு வரியில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். பெரிய மனிதர் அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசியும் ஒருங்கிணைப்பாளர் அந்த முடிவை மாற்றவில்லை. அதற்குப் பிறகு, அதுவரை ஆள் கொண்டுவராத அதே பெண் தாமாகவே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். தன் 'வேண்டாம்' மதிக்கப்படும் என்று தெரிந்தவர்தான் துணிந்து 'வாங்க' என்று சொல்வார். யாரைக் கூட்டிவந்தாலும் கடைசிவரை சுமக்க வேண்டியது தானே என்று நினைப்பவர் ஒதுங்கியே இருப்பார்.

மாதத்துக்கு இத்தனை பேர் என்ற இலக்கை ஆபத்தானது என்று சொன்னதும் இதனால்தான். மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டியவர் நோட்டில் அந்த இரண்டு வரியை எழுதத் தயங்குவார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. விதி ஊழியரைப் பற்றித்தானே பேசுகிறது என்று தன்னார்வலருக்கு விலக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் பக்கத்தில் உட்காருபவர் சம்பளம் வாங்குகிறாரா என்பதா முக்கியம்? குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது 2012ஆம் ஆண்டின் அந்தப் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது என்பதையும், நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டு வரை சிறையாகலாம் என்பதையும் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லியாக வேண்டும். எண்ண வேண்டுமென்றால், ஓராண்டு கழித்தும் நீடிப்பவர்களை எண்ணுங்கள். தகுந்த காரணத்தோடு மறுக்கப்பட்டவர்களையும் அதே பதிவேட்டில், பணியாளருக்குச் சேரவேண்டிய நற்பெயராகவே எழுதுங்கள்.

இப்போது எங்கள் மையங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். தமிழும் மலையாளமும் புதிதாகக் கற்க வேண்டிய அந்தப் பிள்ளைகளுக்கு இந்தி தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அலுவலகம் விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தபோதே, பக்கத்து லயத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த ஒரு ஜார்க்கண்ட் பெண்ணைப் பணியாளர் பார்த்துப் பேசிவிட்டார். அவருடைய சான்று சொந்த மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் தாமதமாகிறது. அதுவரை பணியாளர் உடனிருக்கும் நேரத்தில் மட்டும் அவர் பாடம் நடத்துகிறார்; அந்தக் கூடுதல் நேரத்துக்காகப் பணியாளரின் வாராந்திர அறிக்கைகளில் ஒன்றை நிர்வாகம் நிறுத்தி வைத்திருக்கிறது.