இரும்புச்சத்து மாத்திரை: எவ்வளவு என்பதைவிட எப்போது

மாரத்தான், நெடுந்தூர சைக்கிள் பந்தயம் போன்ற விளையாட்டுகளில் ஈடுபடும் பெண்களுக்கு இரும்புச்சத்து பல வழிகளில் குறைகிறது. மாதவிடாயில் வெளியேறும் ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தத்தோடும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. அதோடு, நீண்ட ஓட்டத்தின்போது குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் அங்கே சிறு கசிவு ஏற்படலாம். வியர்வையிலும் சிறிதளவு இரும்பு வெளியேறும். இந்த இழப்பை ஈடுகட்ட மாத்திரை விழுங்கும் பலருக்கு மாதக்கணக்கில் பலன் கிடைக்காமல் போவதற்கு, கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு முக்கியக் காரணம்.

உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ வரும் இரும்பு முதலில் குடலின் உட்சுவர் செல்களுக்குள் நுழைகிறது. அங்கிருந்து இரத்தத்துக்குச் செல்ல ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் ஒன்றே வாசல். ஹெப்சிடின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுவதால், உள்ளே வந்த இரும்பு அங்கேயே சிக்கிக்கொள்கிறது. குடல் செல்கள் சில நாள்களில் உதிரும்போது அந்த இரும்பும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சி தொடர்பான புரதம் உயர்வதும், அதன் தூண்டுதலால் 3 முதல் 6 மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் உச்சத்தை எட்டுவதும்தான் வீராங்கனைகளுக்கே உரிய சிக்கல். காலையில் ஓடிவிட்டு மதிய உணவுக்குப் பின் மாத்திரை எடுப்பவர், வாசல் பெரும்பாலும் அடைபட்டிருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஹெப்சிடின் இயல்பாகவே காலையில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். எனவே காலையில், பயிற்சிக்கு முன்போ, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள்ளோ மாத்திரையை எடுப்பது நல்லது. வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். தேநீர், காப்பி, கால்சியம் ஆகியவை குறைக்கும்.

ஹெப்சிடினை உயர்த்துவது பயிற்சி மட்டுமன்று. 60 மில்லிகிராம் அளவிலான இரும்பு மாத்திரையும் அதை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உயர்த்தி வைக்கிறது. 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுள் ஒரு பிரிவினர் 14 மாத்திரைகளைத் தினமும், மற்றொரு பிரிவினர் அதே 14 மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாளும் எடுத்துக்கொண்டனர். தினமும் எடுத்தவர்களின் உடல் ஏறத்தாழ 16 விழுக்காட்டு இரும்பை உறிஞ்ச, இடைவெளி விட்டவர்களிடம் அது 22 விழுக்காடாக இருந்தது. குமட்டல், மலச்சிக்கல் ஆகியவற்றால் மாத்திரையையே கைவிடும் பெண்களுக்கு இம்முறை பெரிய ஆறுதல் என்றே கருதுகிறேன்.

பந்தயத்துக்கான எரிசக்திக்குப் போதாத அளவு உண்பவர்களிடமும் ஹெப்சிடின் உயரக்கூடும் என்பதால், பட்டினியோடு மாத்திரையை மட்டும் நம்புவது பயன் தராது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவை இரத்தத்தில் பரிசோதிப்பது தேவை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கி இரத்தசோகை தோன்றுவதற்கு வெகு முன்பே சேமிப்பு கரையத் தொடங்கிவிடும். விளையாட்டு மருத்துவத்தில், ஃபெரிட்டின் லிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழே போவதையே பலர் முதல் எச்சரிக்கையாகக் கொள்கின்றனர். காய்ச்சலோ முந்தைய நாளின் கடும் பயிற்சியோ இந்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஆகவே ஓய்வெடுத்த பிறகே இரத்தம் கொடுக்க வேண்டும். சேமிப்பு போதுமான அளவில் உள்ளவருக்கு மாத்திரையால் வேகம் கூடாது. இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் மரபுக் கோளாறு உள்ளவருக்கோ அது கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கும் என்பதால், அளவையும் காலத்தையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.