எலெக்ஷன் முடியட்டும் பாத்துக்கலாம்னு கிரீன் கார்டு ஃபைலை மூடி வைக்கிறவங்களுக்கு

2024 செப்டம்பர்ல ஒருத்தர் போன் பண்ணாரு. கும்பகோணம் பக்கம், இப்ப டல்லாஸ், ஈபி-2 (வேலை வழி கிரீன் கார்டுல ரெண்டாவது வகை), ப்ரயாரிட்டி டேட் (க்யூல இடம் பிடிச்ச தேதி) 2014. பொண்ணுக்கு 19 முடியப் போகுது, 21 ஆயிட்டா அப்பாவோட கேஸ்ல இருந்து கழண்டுடும், அதனால எஃப்-1ங்கற மாணவர் விசாவுக்கு மாத்தணும். "மேடம், அந்த எஃப்-1 மாத்துற வேலைய நவம்பர் வரைக்கும் நிறுத்தி வைங்க, கமலா வந்தா கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு இவ்ளோதான்ங்கற கன்ட்ரி கேப் போயிடும், ட்ரம்ப் வந்தா டிகிரி முடிச்சவங்களுக்கு டிப்ளமாவோட கிரீன் கார்டுன்னு சொல்லிட்டாரு, யார் வந்தாலும் நமக்கு லாபம்தானே"ங்கறாரு. சந்தோஷமா சொல்றாரு, எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

நான் நியூ ஜெர்சில இமிக்ரேஷன் வக்கீல், இந்த வேலைல இருபது வருஷம் ஓடிப்போச்சு, நாலு வருஷத்துக்கு ஒரு தடவ இதே போன் வேற வேற குரல்ல வரும். அதனால ஒரே தடவையா எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். (இது பொதுவான விளக்கம்தான், உங்க கேஸுக்கு உங்க வக்கீல்கிட்ட பேசுங்க.)

நம்ம ஆளுங்க எங்க தப்பு பண்றாங்கன்னா, மனசுக்குள்ள ஓடுறது நம்மூர் சட்டசபை கணக்கு. அங்க மெஜாரிட்டி இருக்குற கட்சியோட தலைவர்தான் முதல்வர், அவர் நெனச்சா காலைல பில்ல வச்சு சாயங்காலம் பாஸ் பண்ணிடலாம், அப்புறம் அது கவர்னர் மாளிகைல தூங்குறது வேற கதை. இங்க அப்படி இல்ல. ஜனாதிபதியத் தனியா தேர்ந்தெடுக்குறாங்க, 435 பேர் ஹவுஸ் தனி, 100 பேர் செனட் தனி (இந்த ரெண்டு சபையும் சேந்ததுதான் இங்க காங்கிரஸ்), மூணும் ஒரே கட்சி கைல இல்லாம இருக்கலாம், இருந்தும் இருக்கு. ஜனாதிபதியால ஒரு பில்ல உள்ள கொண்டுபோய் வைக்கக்கூட முடியாது, ஒரு எம்பியோ செனட்டரோதான் வைக்கணும். அவரால முடிஞ்சது வந்த பில்லுல கையெழுத்துப் போடறது இல்ல வீட்டோ பண்றது.

இன்னொண்ணு, செனட்ல 51 இருந்தா போதும்னு டிவில காட்டுற கணக்க நம்பாதீங்க. விவாதத்த முடிச்சு வோட்டுக்குக் கொண்டுவரவே 60 பேர் வேணும், ஃபிலிபஸ்டர்னு சொல்றது இதத்தான். 2024 எலெக்ஷன்ல குடியரசுக் கட்சி வெள்ளை மாளிகை, ஹவுஸ், செனட்னு மூணையும் எடுத்துச்சு, அப்பவும் செனட்ல 53 தான். அதாவது எல்லாமே ஒரே கட்சி கைல இருந்தாலும் காங்கிரஸ் பாதி பிளந்தே கெடக்கு.

கமலா வந்தா கன்ட்ரி கேப் போயிடும்னு சொன்னவருக்கு நான் சொன்ன கதை இது. வேலை வழியா வர்ற கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 140,000, குடும்பத்தோட சேத்து, அதுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான். இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. இத எடுக்கணும்னு 2019 பிப்ரவரில செனட்ல எஸ்.386னு ஒரு பில் வந்துச்சு, கொண்டு வந்தவங்க யூட்டா குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீயும் கலிஃபோர்னியா செனட்டர் கமலா ஹாரிஸும்தான். ஆமா, தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல போஸ்டர் ஒட்டி அபிஷேகம் பண்ணாங்களே அதே கமலாதான். ரெண்டு கட்சியும் சேந்து கொண்டு வந்த பில், ஹவுஸ்ல அதோட ஜோடி பில் எச்.ஆர்.1044 ஜூலைல 365க்கு 65னு பாஸ் ஆச்சு. அப்ப ஹவுஸ் ஜனநாயகக் கட்சி கைல, செனட் குடியரசுக் கட்சி கைல.

செனட்ல என்னாச்சு? எல்லாரும் சம்மதம்னா வோட்டே இல்லாம பாஸ் பண்ற வழி ஒண்ணு இருக்கு, அதுல ஒரே ஒருத்தர் எழுந்து ஆட்சேபணைன்னு சொன்னா அன்னிக்கு கதை முடிஞ்சது. செனட்டர் ராண்ட் பால் நர்ஸுங்களுக்கு இடம் போயிடும்னு நின்னாரு, அவர சமாதானம் பண்ணா டேவிட் பெர்ட்யூ, அவரு முடிஞ்சா டிக் டர்பின், டர்பினோட ஒரு உடன்பாடு வந்தா ரிக் ஸ்காட். கல்யாண வீட்ல ஒரு பெரியப்பாவ சமாதானம் பண்ணி உக்கார வச்சா இன்னொரு சித்தப்பா கோவிச்சுக்கிட்டு எழுந்திரிப்பாரே, அந்த மாதிரி. கடைசில 2020 டிசம்பர் 2ஆம் தேதி செனட்ல பாஸ் ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜ எண்ண முடியல, ஒருத்தர் மைசூர்பாக் போட்டோ அனுப்பிருந்தாரு. ஆனா செனட்ல பாஸ் ஆனதும் ஹவுஸ்ல பாஸ் ஆனதும் ஒரே வாசகம் இல்ல, செனட் காரங்க வழில நெறைய சேத்துட்டாங்க. ரெண்டும் ஒரே எழுத்தா இருந்தாத்தான் ஜனாதிபதி மேஜைக்குப் போகும். ஜனவரி 3ஆம் தேதி அந்தக் காங்கிரஸோட ரெண்டு வருஷ ஆயுள் முடிஞ்சுது, பில்லும் அதோட செத்துச்சு. மைசூர்பாக் அனுப்புனவரு இன்னும் வெயிட்டிங்.

அதே கமலா ஒரு மாசத்துல துணை ஜனாதிபதி ஆனாங்க, முதல் ரெண்டு வருஷம் ஹவுஸும் செனட்டும் அவங்க கட்சி கைலதான் இருந்துச்சு, அப்பவும் கேப் போகல. 2022 டிசம்பர்ல ஈகிள் ஆக்ட்னு ஒண்ணு ஹவுஸ் வோட்டு வரைக்கும் வந்துட்டு, எண்ணிக்கை பத்தாதுன்னு கடைசி நேரத்துல எடுத்து வச்சுட்டாங்க. செனட்டரா, துணை ஜனாதிபதியா முடியாதது ஜனாதிபதி ஆனா மட்டும் எப்படி முடியும்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசல.

ட்ரம்ப் பக்கம் என்னன்னா, 2024 ஜூன்ல ஒரு பாட்காஸ்ட்ல டிப்ளமாவோட கிரீன் கார்டு தானா வரணும்னு சொன்னாரு, நம்ம குரூப்ல எல்லாம் அந்த ஒரு நிமிஷ வீடியோதான் சுத்துச்சு. பிரச்சாரக் குழுவே கொஞ்ச நேரத்துல விளக்கம் கொடுத்து அத சுருக்கிட்டது யாரும் ஃபார்வர்ட் பண்ணல. 140,000ங்கற எண்ணிக்கை சட்டத்துல எழுதிருக்கு, அத மாத்த 60 வேணும். அந்த 60ல அவரோட சொந்தக் கட்சிக்காரங்களே எத்தன பேர் இமிக்ரேஷன் கூடணும்னு கை தூக்குவாங்கன்னு யோசிச்சுக்கங்க.

இதுல இன்னும் கசப்பான விஷயம் ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியவே தெரியாது. 2024 பிப்ரவரில செனட்ல ஒரு எல்லைப் பாதுகாப்பு பில் வந்துச்சே, லாங்க்ஃபோர்ட், மர்ஃபி, கிர்ஸ்டன் சினிமானு மூணு செனட்டருங்க மாசக்கணக்கா பேசி எழுதுனது. டிவில பூரா மெக்ஸிகோ எல்லைன்னுதான் பேசுனாங்க. நான் முழுசா படிச்சேன். உள்ள அஞ்சு வருஷத்துக்கு 250,000 கூடுதல் விசா, எச்-1பி (வேலை விசா) காரங்களோட பிள்ளைங்க 21 வயசுல வெளிய தள்ளப்படாம பாதுகாப்பு, எச்-1பி மனைவி கணவருக்கு வேலை அனுமதி, எல்லாம் இருந்துச்சு. ட்ரம்ப் அப்ப பதவில இல்ல, வெறும் வேட்பாளர், வேணாம்னு சொன்னாரு, அவ்ளோதான். பிப்ரவரி 7 வோட்டு 49க்கு 50, வேண்டியது 60. மே மாசம் திரும்ப வோட்டுக்கு விட்டப்ப முன்ன கெடச்சதவிட கம்மியா 43 தான் விழுந்துச்சு, அதுக்கப்புறமும் கமலா பிரச்சாரத்துல அதே பில்ல கொண்டு வந்து கையெழுத்துப் போடுவேன்னு சொன்னாங்க. ஒரு பில்ல கொல்ல ஜனாதிபதியா இருக்க வேண்டியதே இல்லங்கறத நான் கண்ணால பாத்தது அப்பதான்.

அப்போ பிளந்த காங்கிரஸ்ல எதுவுமே நடக்காதான்னா, அதுவும் இல்ல, நடந்திருக்கு, அதுல நீங்க தெனமும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. ஆறு வருஷம் தாண்டியும் எச்-1பி எக்ஸ்டென்ஷன் வாங்குறீங்களே, ஐ-140 (கம்பெனி போடுற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆனா மூணு மூணு வருஷமா, ஐ-485 (கடைசில நீங்க போடுற கிரீன் கார்டு அப்ளிகேஷன்) போட்டு 180 நாள் ஆனா கம்பெனி மாறலாமே, அதெல்லாம் ஏசி-21ங்கற 2000ஆம் வருஷச் சட்டம். அப்ப கிளின்டன் ஜனநாயகக் கட்சி, காங்கிரஸ் ரெண்டு சபையும் குடியரசுக் கட்சி, புஷ்-கோர் எலெக்ஷனுக்கு மூணு வாரம் இருக்கு. செனட்ல 96க்கு 1. அக்டோபர் 17 கையெழுத்து. ஏன் நடந்துச்சு? கம்பெனிகளுக்கு ஆள் வேணும், ரெண்டு கட்சிக்கும் டெக் பணம் வேணும், அத வச்சு எதிராளிய அடிச்சு யாரும் ஓட்டு வாங்கப் போறதில்ல. என் அனுபவத்துல ஒரு விஷயம் பிரச்சார மேடைக்கு ஏறுனாலே அது காங்கிரஸ்ல நடக்குற வாய்ப்பு கொறைஞ்சுடும், அமைதியா ஏதோ பெரிய பட்ஜெட் பில்லு முதுகுல ஒட்டிக்கிட்டு போறதுதான் தேறும். அமெரிக்க மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு தனியா 20,000 எச்-1பி வந்ததே 2004 டிசம்பர்ல அப்படி ஒட்டிக்கிட்டுதான்.

பட்ஜெட்னு சொன்னதும் ஒண்ணு. வரி, செலவு சம்பந்தப்பட்டத மட்டும் 51ல பாஸ் பண்ற ஒரு தனி ரூட் இருக்கு, ரிகன்சிலியேஷன். 2021ல ஜனநாயகக் கட்சி இமிக்ரேஷனையும் இதுக்குள்ள நுழைக்கப் பாத்துச்சு, செனட் விதிகளப் பாக்குற அதிகாரி மூணு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. ஆனா 2025ல ஊருக்கு அனுப்புற பணத்துக்கு வரி வந்துச்சு பாருங்க, அது வரி, அதனால இந்த ரூட்ல நேரா போயிடுச்சு, 5 சதவீதம்னு ஆரம்பிச்சு 3.5க்கு எறங்கி கடைசில ரொக்கம், மணி ஆர்டர் மாதிரி குடுத்து அனுப்புறதுக்கு மட்டும் 1 சதவீதம்னு நின்னுச்சு. செனட்ல 50-50, துணை ஜனாதிபதி வோட்டுல பாஸ்.

அதனால ஒரு வேட்பாளர் எதாவது சொன்னா நான் க்ளையன்ட்கிட்ட முதல்ல கேக்குறது, இது எந்தக் கதவு வழியா வரணும்? சட்டம்னா 60. அரசுத் துறை எழுதுற ரூல்னா நோட்டீஸ் போட்டு, பொதுமக்கள் கருத்து வாங்கி, கோர்ட்டையும் தாண்டணும், எச்-4 ஈஏடி (எச்-1பி காரங்க மனைவி கணவருக்கான வேலை அனுமதி) 2015ல அப்படி வந்ததுதான், ட்ரம்ப் முதல் ஆட்சில எடுக்கப் போறோம்னு நாலு வருஷம் சொல்லிட்டே இருந்தாங்க, எடுத்து முடிக்கல. ஜனாதிபதி கையெழுத்து மட்டும்னா ஒரே ராத்திரி. 2020 ஜூன்ல எச்-1பி காரங்க உள்ள வர்றத நிறுத்துனது கையெழுத்து. 2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கெழம சாயங்காலம் புது எச்-1பிக்கு 100,000 டாலர்னு வந்ததும் கையெழுத்து, அன்னிக்கு ராத்திரி தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரை போயிருந்த ஒரு தம்பி தாலி கட்டுறதுக்கு முன்னாடியே ஏர்போர்ட் கெளம்பவான்னு அழுதுகிட்டே பேசுனான், மறுநாள்தான் ஏற்கனவே விசா வச்சிருக்கவங்களுக்கு இல்லன்னு விளக்கம் வந்துச்சு. நம்மள நிறுத்துறதுக்கு எந்தப் பிளந்த சபையும் குறுக்க வராது. குடுக்குறதுக்குத்தான் வரும். ரெண்டு கட்சிக் காரங்களும் கோவிச்சுக்காதீங்க, யாரு வந்தாலும் கதவுங்க இதேதான்.

எலெக்ஷன் சமயத்துல புது சட்டம் வரப்போகுது, இப்பவே பேரு பதிஞ்சு வைங்கன்னு காசு கேக்குற கன்சல்டன்ட்டுங்க நெறைய கெளம்புவாங்க. பாஸ் ஆகாத பில்லுக்கு அப்ளிகேஷன்னு ஒண்ணு கெடையவே கெடையாது, ஒரு டாலர் குடுக்காதீங்க.

டல்லாஸ்காரர் விஷயத்துக்கு வர்றேன். பிள்ளைங்க வயசு கணக்குக்கு 2002ல வந்த சிஎஸ்பிஏ சட்டம் இருக்கு, ஐ-140 எத்தன நாள் பெண்டிங்ல இருந்துச்சோ அத்தன நாள் வயசுல கழிச்சுக்கலாம். அவர் அப்ப கம்பெனிகிட்ட சொல்லி ப்ரீமியம் (வேகமா முடிக்க கூடுதல் கட்டணம்) கட்டி 15 நாள்ல அப்ரூவல் வாங்கிருக்காரு, எல்லாரும் பண்றதுதான், ஆனா கழிக்க கெடச்சது வெறும் 15 நாள். 2024 கடைசில ஈபி-2 இந்தியா க்யூ 2012 நடுவுல நின்னுச்சு, அவருது 2014. பொண்ணு 21 தொடுறதுக்குள்ள தேதி வராதுன்னு பேப்பர்ல எழுதிக் காட்டுனேன். நவம்பர் வரைக்கும் காத்திருக்கல, அக்டோபர்லயே எஃப்-1 மாத்த ஃபைல் பண்ணிட்டோம். எலெக்ஷன் ராத்திரி விடிய விடிய டிவி பாத்தேன்னு சொன்னாரு, பென்சில்வேனியா முடிஞ்சதும் போன் பண்ணி, "மேடம், செனட் என்ன எண்ணிக்கைல நிக்குது?"ன்னு கேட்டாரு.