கூர் நிற்குமா? ‘எட்ஜ் ரிட்டென்ஷன்’ என்ற சொல்லும் தமிழும்

சமையல் கத்தி விற்கிற இடங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற சொல் ‘எட்ஜ் ரிட்டென்ஷன்’. இதை ‘விளிம்பு தக்கவைப்பு’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. விளிம்பு எங்கேயும் போவதில்லை, போவது கூர்.

எட்ஜ் பழைய ஆங்கிலச் சொல். வாளின் கூரையும் சில இடங்களில் வாளையுமே குறித்தது. ரிட்டென்ஷன் லத்தீன் வழி வந்தது, விடாமல் பிடித்து வைத்திருப்பது என்று பொருள். ஆக, வெட்ட வெட்ட எவ்வளவு காலம் கூர் போகாமல் இருக்கிறது என்பதுதான் விஷயம். கூர்மை வேறு, இது வேறு. எந்தக் கத்தியையும் சாணை பிடித்தால் முதல் நாள் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கும், பத்து நாள் கழித்தும் இறங்குமா என்பதே கேள்வி.

மழுங்கிவிட்டது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே நடப்பது மூன்று: வாய், அதாவது வெட்டும் ஓரம், மடங்கலாம், பொடிப்பொடியாக உதிரலாம், தேயலாம். எஃகு மென்மையாக இருந்தால் மடங்கும், அளவுக்கு மேல் கடினமானால் உதிரும். ஜெர்மன் கத்திகளில் பரவலான 1.4116 எஃகில் கார்பன் சுமார் 0.5%, குரோமியம் சுமார் 15%, ராக்வெல் அளவில் கடினம் பெரும்பாலும் 56, 58 என்று இருக்கும். சீக்கிரம் மடங்கும், ஆனால் தீட்டுகோலில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். ஜப்பானின் சிரோகாமி எஃகில் கார்பன் 1%க்கு மேல், கடினமும் 60ஐத் தாண்டும், அதனால் கூர் நெடுநேரம் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் உதிரும், ஈரத்தோடு வைத்தால் துருவும் பிடிக்கும். தேய்மானத்தைத் தடுப்பது எஃகுக்குள் இருக்கும் கார்பைடுத் துகள்கள், அதாவது கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினமான துகள்கள். வனேடியம் கார்பைடு அவ்வளவு கடினமானது, சாதாரணத் தீட்டுக்கல் அதனிடம் திணறும், வைரக்கல் வேண்டும்.

சரி, எஃகு மட்டும் போதுமா? போதாது. ‘கிரைண்ட்’ என்று சொல்வது கத்தி அலகின் இரு பக்கமும் வாயை நோக்கிச் சரிந்து வரும் வடிவத்தை. தடித்த வாய்தான் நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், காய்கறி நறுக்குவதில் பெரும்பாலும் நேர்மாறு. பக்கத்துக்கு 15 பாகையில் மெல்லியதாகச் சீவிய வாய், நுனி கொஞ்சம் மழுங்கினாலும் பின்னால் சதை இல்லாததால் தொடர்ந்து வெட்டும், 25 பாகை வாய் அதே நிலையில் நசுக்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்த மெல்லிய வாயைத் தாங்குகிற கடினம் எஃகில் இருக்க வேண்டும். சவரக்கத்தியின் பக்கங்களைக் குழிவாகச் சீவுவது மெல்லிய வாய்க்காக. விறகு பிளக்கும் கோடரிக்குப் புடைத்த வாய் வைப்பது அடி தாங்க. (எந்தக் கத்தியானாலும் எவர்சில்வர் தட்டின் மேலோ கடப்பைக் கல் மேலோ வைத்து வெட்டாதீர்கள், மரப்பலகை வாங்குங்கள்.)

இனி தமிழ். பிளேடுக்கு அலகு, வெட்டும் ஓரத்துக்கு வாய், ஸ்டீலுக்கு எஃகு. ‘செறுநர் செருக்கறுக்கும் எஃகு’ என்று குறள் (759) சொல்லும்போது எஃகு கூரிய ஆயுதத்தையே குறிக்கிறது, உலோகத்தை அல்ல. எட்ஜ் ரிட்டென்ஷனுக்குப் ‘பதம்’ பொருந்துமா என்றும் யோசித்தேன். கத்தி விரலைப் பதம் பார்த்தது என்கிறோமே, அதில் வருவது அந்த நேரத்துக் கூர்மை, அது எத்தனை நாள் இருக்கும் என்பது அதில் இல்லை. ‘இதுல கூரு நிக்கவே மாட்டேங்குது’ என்று சொல்கிறோம் அல்லவா, அதற்குள்ளேயே கலைச்சொல் இருக்கிறது: கூர் நிற்றல். பெயராக வேண்டுமென்றால் கூர்நிற்பு.