தைச்சி செய்யப் போகிறீர்களா? முழங்காலைக் கவனியுங்கள்

சிங்கப்பூரில் காலை நேரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ சீனப் பெரியவர்கள் வரிசையாக நின்று மெல்ல மெல்லக் கை கால்களை அசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தைச்சி என்ற சீனப் பயிற்சி. "இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று என்னிடம் சிகிச்சைக்கு வரும் தமிழர்கள் பலர் கேட்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளராகச் சொல்கிறேன், நல்ல பயிற்சிதான், அதுவும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நடப்பவர்களுக்கு மிகவும் நல்லது.

நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம், வேகத்தில் அது தெரிவதில்லை. தைச்சியில் அந்தக் கணத்தை இழுத்து நீட்டுகிறோம். எடை முழுவதும் ஒரு காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றக் கால் தரையை விட்டு எழும், அந்த நேரம் முழுக்கக் கணுக்காலும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும் உடலைத் தாங்கிப் பழகுகின்றன. பார்கின்சன் (நடுக்கமும் தள்ளாட்டமும் தரும் நரம்பு நோய்) நோயாளிகள் 195 பேரிடம் 24 வாரம் நடத்தி 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தைச்சி செய்தவர்கள் வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

ஆனால் போன வருடம் ஓர் அம்மா முழங்கால் வீங்கி வந்தார். வீடியோவைப் பார்த்துத் தானாகவே மூன்று வாரம் செய்திருக்கிறார். செய்து காட்டச் சொன்னேன். பாதம் தரையில் ஊன்றியபடியே இருக்க, உடம்பை மட்டும் திருப்பினார், அந்தத் திருகல் மொத்தமும் முழங்காலில் இறங்கியது. எடையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, முதலில் பாதத்தைத் திருப்பி, அப்புறம்தான் இடுப்பு திரும்ப வேண்டும். முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் பக்கமே பார்க்கட்டும். முழங்காலை ஆழமாக மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

1956இல் பொதுமக்களுக்காகச் சுருக்கித் தொகுத்த 24 அசைவுத் தைச்சிகூடப் புதியவர்களுக்கு நினைவில் நிற்பது கஷ்டம். அவர்களுக்கு நான் பாதுவான்ஜின் என்ற இன்னொரு சீனப் பயிற்சியைச் சொல்லித்தருகிறேன்: எட்டே அசைவுகள், பெரும்பாலும் நின்ற இடத்திலேயே, முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கட்டாயம் அடக்கக் கூடாது. "சீ (உடலில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிர்சக்தி) ஓட்டம் சரியானால் மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு வீக்கம் வடிந்ததும் பாதுவான்ஜினில்தான் தொடங்கினோம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியைப் போட்டு.