சிப்காட்டுக்கு நிலம் கேட்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

கியா கார் ஆலை ஆந்திரத்துக்குப் போனது, வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்கு வந்தது. பெருநிறுவனங்களை இழுக்க மாநிலங்கள் மல்லுக்கட்டும்போது முதலில் கேட்கப்படுவது நிலம். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்காக அதை எடுப்பது 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். இழப்பீட்டுக்குக் கணக்கு 2013 மத்திய நில எடுப்புச் சட்டம். பின்னணி இவ்வளவு போதும்.

பணம் உழுதவருக்குப் போகாது. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள். நோட்டீஸ் வந்தபின் போனால், நில எடுப்புத் தனி வட்டாட்சியர் தாலுகா அலுவலகத்தைக் கைகாட்டுவார்; அங்கே "நில எடுப்பு நடக்கிறது, இப்போது மாற்ற முடியாது" என்பார்கள். வாரிசுச் சான்றுக்கு ஒரு அலைச்சல், உட்பிரிவு அளக்க சர்வேயருக்காக இன்னொரு காத்திருப்பு. பங்காளிகளுக்குள் தகராறு என்றால் தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். அறுபது வயதுப் பெண்களை இப்படி அலையவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டு 1997 சட்டத்தின் 3(2) பிரிவில் வரும் நோட்டீஸுக்கு, அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது கோப்பில் ஏறாமல் போகலாம். அடுத்து, நிலத்தை எடுப்பதாகச் சொல்லும் 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலேயே நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும், ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வராவிட்டாலும்.

சந்தை மதிப்பை வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் வைத்தே பார்க்கிறார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்துப் பதிந்திருந்தால், அந்தக் குறைந்த விலைதான் இப்போது உங்கள் தலையில் விழும். மூன்றாண்டுகளில் கூடுதல் விலைக்குப் பதிவான பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி மனுவோடு இணையுங்கள். மதிப்புக்கு இணையாக நூறு சதவீத ஆறுதல் தொகை சேர்வதால், அடிப்படை விலையில் குறைவது இரட்டிப்பாகக் குறையும். கிணறு, மரம், மோட்டார் கொட்டகை எல்லாம் மதிப்பீட்டில் தனித்தனியாக ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

"பேச்சுவார்த்தை விலை" என்று நீட்டும் ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஒப்புக்கொண்ட பிறகு கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் மறுவாழ்வு உதவிக்கு உரியவர்களே. மூன்றாண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும். முதன்மைப் பிழைப்பும் அந்த நிலமாகவே இருக்க வேண்டும். வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. வாய்மொழிக் குத்தகையை அலுவலகம் ஏற்காது. 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி உங்கள் உரிமையை இப்போதே பதியுங்கள். கூலி வேலை செய்பவர்கள் ரேஷன் அட்டையில் அந்த ஊர் முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.