பிழைச் செய்தி வரவில்லை என்பது சான்று ஆகாது

சென்ற வாரம் என்னிடம் வந்த ஒரு மென்பொருள் திட்டத்தில், பிரேசில் போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஏறத்தாழ நான்கு மாதம் உட்கார்ந்து திருத்திய கோப்பு முழுவதும் ஐரோப்பியப் போர்ச்சுகீசியமாக மாறிக் கிடந்தது. அதை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. மொழிபெயர்ப்புகளை எந்த அடைவில் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் அமைவுக் கோப்பின் பாதை வரியில், மொழி வரவேண்டிய இடத்தில் இரண்டெழுத்துக் குறியீடு மட்டும் வரும்படி எழுதியிருந்தார்கள். பிரேசிலுக்கும் போர்ச்சுகலுக்கும் அந்த இரண்டெழுத்து ஒன்றே என்பதால், மொழிபெயர்ப்புகளை இறக்கும் கருவி முதலில் பிரேசில் மொழிபெயர்ப்பை இறக்கி, அடுத்த நொடியே அதே கோப்பின்மீது போர்ச்சுகல் மொழிபெயர்ப்பை எழுதியது. அத்தோடு நின்றிருந்தால், மொழிபெயர்ப்பாளர்கள் இணையத்தில் வேலை செய்யும் மொழிபெயர்ப்புத் தளத்தில் அவருடைய மொழிபெயர்ப்பு பிழைத்திருக்கும். ஆனால் இரவுதோறும் களஞ்சியத்தில் (நிரல் சேமிக்கப்படும் இடத்தில்) உள்ளதைத் தளத்துக்குத் திருப்பி ஏற்றும் வேலையையும் தானியக்கமாக வைத்திருந்ததால், பிரேசில் மொழிபெயர்ப்பாளர் ‘கோப்பு’ என்பதற்கு எழுதிய ‘அர்கீவு’ என்ற சொல், மறுநாள் காலையில் தளத்திலேயே ‘ஃபிஷெய்ரு’ என்று ஆகியிருந்தது. அவர் திருத்துவார், இரவில் அது மீண்டும் மாறும். யாரோ வேண்டுமென்றே தன் வேலையைக் கலைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதே கோளாறு இந்த ஆண்டில் எனக்கு மூன்றாவது முறை. முந்தைய இரண்டில் ஒன்று எளிய சீனத்துக்கும் மரபுச் சீனத்துக்கும் நேர்ந்தது, மற்றொன்று சிரிலிக் எழுத்துச் செர்பியத்துக்கும் லத்தீன் எழுத்துச் செர்பியத்துக்கும் நேர்ந்தது. அமைவுக் கோப்பில் ஒரு வரி தவறாக இருப்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, நானும் எழுதியிருக்கிறேன். என்னைச் சோர்வடையச் செய்வது, ஒவ்வொரு முறையும் நிரலாளர் தரப்பிலிருந்து வரும் ஒரே பதில்: “பில்ட் பச்சையாகத்தானே இருந்தது, எந்தப் பிழையும் வரவில்லையே.” செயலியைக் கட்டும் தானியக்க வேலை தடையின்றி முடிந்தது என்பதுதான் அந்தப் பச்சை.

இந்த எண்ணத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு, தவறு என்பது சத்தம் போடும் ஒன்று. அடைப்புக்குறி விட்டுப்போனால் தொகுப்பி நின்றுவிடும், இல்லாத மாறியை அழைத்தால் நிரல் விழுந்துவிடும். பன்மொழி ஆதரவு இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு கட்டப்பட்டது. ஒரு சரத்துக்கு, அதாவது திரையில் காட்டும் ஒரு சொல்லுக்கோ வாக்கியத்துக்கோ, மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை என்றால் பயனர்முன் நிரல் விழக்கூடாது, மூல மொழியிலாவது அதைக் காட்டவேண்டும் என்பதே அதன் விதி. பயனருக்கு அது நல்லது. ஆனால் அதே விதியின் காரணமாக, கோப்பின் பாதை தவறு, மொழிக் குறியீடு தவறு, கோப்பே தொகுப்பில் சேரவில்லை, மொழிபெயர்ப்பாளர் இன்னும் மொழிபெயர்க்கவில்லை ஆகிய நான்கும் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே தெரிகின்றன: திரையில் ஆங்கிலம். பார்க்கிறவர் நான்காவதுதான் காரணம் என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறார், ‘தமிழ்க் குழு இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது’ என்கிறார், பழி மொழிபெயர்ப்பாளர்மீது விழுகிறது. மூல மொழியில் மட்டுமே மென்பொருளைப் பயன்படுத்துகிற குழுவுக்கு இந்தத் திரை கண்ணில் படுவதே இல்லை. ஆகவே பிழைச் செய்தி வராததை வைத்து அமைவு சரி என்று சொல்ல இந்தத் துறையில் வழியில்லை. சரியாக இருக்கிறது என்பதைத் திரையில் மொழிபெயர்ப்பைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

இப்படிச் சத்தமின்றிக் கெடும் இடங்களில் முதலாவது, மொழிக் குறியீடு. அதை வெறும் அடைவுப் பெயராகப் பார்ப்பதுதான் சிக்கல். யுனிக்ஸ் வழி வந்த கருவிகள் மொழிக்கும் நாட்டுக்கும் நடுவே அடிக்கோடு எதிர்பார்க்கின்றன. வலைத் தரங்கள் இணைப்புக்கோடு எதிர்பார்க்கின்றன. ஆண்ட்ராய்டில் இணைப்புக்கோட்டுக்குப் பின் நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற சிற்றெழுத்தும் வரவேண்டும். அந்த ‘ஆர்’ விட்டுப்போனால் ஆண்ட்ராய்டு கட்டமைப்பு உடனே நின்று, அடைவின் பெயர் செல்லாது என்று சொல்லிவிடும். இப்படிக் கூச்சலிடும் கருவி எனக்கு நண்பன். மற்றவை அப்படியில்லை. எபிரேயத்துக்கும் இந்தோனேசியத்துக்கும் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் குறியீடுகள் 1989-இல் மாற்றப்பட்டன. ஜாவா நிரல்மொழி 17-ஆம் பதிப்பில்தான் புதிய குறியீடுகளை இயல்பாக ஏற்றது. அதுவரை பழைய குறியீட்டையே உள்ளே வைத்திருந்தது. மொழிபெயர்ப்புத் தளம் புதிய குறியீட்டில் கோப்பைத் தர, செயலி பழைய குறியீட்டில் தேடினால், எபிரேயப் பயனருக்கு ஆங்கிலம்தான் கிடைக்கும். இதற்காகத்தான் கிரவுடின், டிரான்ஸிஃபெக்ஸ் போன்ற மொழிபெயர்ப்புத் தளக் கருவிகளின் அமைவுக் கோப்பில் ‘இந்தத் தளக் குறியீட்டை இந்த அடைவுப் பெயராக எழுது’ என்று சொல்லும் பொருத்தப் பட்டியல் இருக்கிறது. அதை வெற்றாக விட்டுவிட்டு, இறக்கிய பிறகு கோப்புகளைக் கையால் பெயர் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் விடுப்பில் போகும் நாளில் அந்த மொழி செயலியிலிருந்து காணாமல் போகும்.

நார்வே மொழிக்கு நேரும் கதி தனி வகை. அதன் குறியீடும் ‘இல்லை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒரே இரண்டு எழுத்துகள். அமைவுக் கோப்புகளை எழுதப் பயன்படும் யாமல் வடிவத்தின் 1.1 விதிகளின்படி அந்தச் சொல், மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், பொய் என்ற தர்க்க மதிப்பாகப் படிக்கப்படும். 2009-இல் வந்த 1.2 பதிப்பு இதை நீக்கிவிட்டது என்றாலும், பைத்தானில் பரவலாகப் பயன்படும் பையாமல் நூலகம் உட்படப் பல இன்றும் பழைய விதியிலேயே நிற்கின்றன. மொழிப் பட்டியலில் ஸ்வீடிஷ் இருக்கும், டேனிஷ் இருக்கும், நார்வே இருக்கவேண்டிய இடத்தில் ‘பொய்’ என்ற மதிப்பு இருக்கும். அடுத்து வரும் நிரல் அதை மொழியில்லை என்று தள்ளிவிட்டுப் போகும். எல்லா மொழிக் குறியீடுகளையும் மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள், தேவையில்லாதபோதும்கூட.

கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள், அதன் மொழிபெயர்ப்புக் கோப்பான பிஓ கோப்பின் தலைப்பகுதியை ஏதோ சடங்கு என்று நினைத்து, பக்கத்து மொழிக் கோப்பிலிருந்து அப்படியே நகல் எடுக்கிறார்கள். அந்தத் தலைப்பகுதியும் ஓர் அமைவுக் கோப்புதான். அதிலுள்ள பன்மை விதிதான் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று முடிவு செய்கிறது. தமிழுக்கு இரண்டு வடிவம், ஜப்பானியத்துக்கு ஒன்று, ரஷ்யத்துக்கு மூன்று, அரபுக்கு ஆறு. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் கெட்டெக்ஸ்டின் தொகுப்புக் கருவியைச் சரிபார்ப்புத் தெரிவுடன் ஓட்டும்போது பிடிபட்டுவிடும். ஒருமுறை போலிஷ் கோப்பின் தலைப்பகுதியை ரஷ்யக் கோப்பில் ஒட்டியிருந்தார்கள். போலிஷுக்கும் மூன்று வடிவம் என்பதால் சரிபார்ப்பு வாயே திறக்கவில்லை. ஆனால் 21 என்ற எண்ணுக்கு ரஷ்யத்தில் ஒருமை வடிவம், போலிஷில் அப்படியில்லை. திரையில் 1, 2, 5 என்ற எண்களெல்லாம் சரியாக வந்தன. 21 கோப்புகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் இலக்கணப் பிழை தெரிந்தது. சோதனை செய்கிறவர்கள் ஒன்றிரண்டு கோப்புகளோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டுமா?

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொரு தெரிவின்மீது. மொழிபெயர்க்கப்படாத சரங்களை இறக்கும்போது என்ன செய்வது என்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் கேட்கின்றன: விட்டுவிடலாம், அல்லது மூல மொழி வாக்கியத்தையே அந்த இடத்தில் நிரப்பலாம். கோப்பு ‘முழுமையாக’ இருக்கட்டும் என்று பலர் இரண்டாவதைத் தேர்கிறார்கள். விளைவைப் பாருங்கள். தமிழ்க் கோப்பில் முந்நூறு ஆங்கில வாக்கியங்கள் தமிழ் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் உட்காருகின்றன. அன்றிரவு அந்தக் கோப்பு தளத்துக்குத் திரும்ப ஏறும்போது, தளம் அவற்றை மொழிபெயர்ப்பாக ஏற்றுக்கொள்கிறது. மறுநாள் முன்னேற்றப் பட்டை 100 விழுக்காடு காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளரின் ‘மொழிபெயர்க்க வேண்டியவை’ பட்டியலிலிருந்து அந்த முந்நூறும் மறைந்துவிடுகின்றன. அவர் தேடினாலும் கிடைக்காது. மேலாளர் வாழ்த்து மின்னஞ்சல் அனுப்புகிறார். இப்படி வந்த ஒரு தமிழ்க் கோப்பில், மூலத்துக்கு எழுத்துப் பிசகாமல் சமமாக இருந்த சரங்களை எல்லாம் வடித்தெடுத்து, அவற்றில் ‘யுஎஸ்பி’, ‘பிடிஎஃப்’ போன்று உண்மையிலேயே மாற்ற வேண்டாதவற்றைக் கையால் பிரித்து, மீதியை வெறுமையாக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மொழிபெயர்க்காததை வெறுமையாகவே விடுங்கள். காலியிடத்தில் மூல மொழியைக் காட்டும் வேலையைச் செயலி பார்த்துக்கொள்ளும், அதற்காகத்தானே அது இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோப்புகளும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில், தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து இல்லாமல் இருக்கட்டும். ஜாவாவின் பண்புக் கோப்புகள் ஜாவா 9-க்கு முன்வரை ஐஎஸ்ஓ 8859-1 என்ற லத்தீன் எழுத்துக் குறியாக்கத்திலேயே படிக்கப்பட்டன; பழைய பதிப்பில் ஓடும் செயலியில் தமிழை நேரடியாக எழுதினால் கிறுக்கலாகத்தான் தெரியும். எந்தெந்த மூல நிரல்களிலிருந்து சரங்களை எடுப்பது என்ற பட்டியலில் புதிதாகச் சேர்த்த கோப்பின் பெயரை எழுத மறக்காதீர்கள். மறந்தால் அந்தத் திரை முழுவதும் எந்த மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்கும் வராது. தளத்தின் அணுக்கத் திறவுகோலை (கருவி தளத்துக்குள் நுழையும் கடவுச்சொல் போன்றது) அமைவுக் கோப்பிலேயே எழுதிக் களஞ்சியத்தில் சேர்ப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. கோப்புக்கு வெளியே, இயங்கும் கணினியின் சூழல் மாறியில் வையுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தால், வரியை நீக்கினால் போதாது, திறவுகோலையே தளத்தில் ரத்து செய்து புதியது வாங்குங்கள், ஏனென்றால் களஞ்சியத்தின் வரலாற்றில், பழைய கமிட்டில், அது அப்படியே இருக்கிறது. மூலக் கோப்பின் பாதையை மாற்றப்போகிறீர்களா? முதலில் எல்லா மொழிகளையும் இறக்கித் தனியே வையுங்கள். பல தளங்கள் பாதை மாற்றத்தைப் பழைய கோப்பு நீக்கப்பட்டு வேறொரு கோப்பு வந்ததாகவே எடுத்துக்கொள்கின்றன.

அமைவுக் கோப்பைத் தொட்டவுடன் செய்ய வேண்டிய சோதனைக்கு அரை மணி நேரம் போதும். கருவியில் ஒத்திகை ஓட்டம் (எதையும் எழுதாமல், செய்யப்போவதை மட்டும் காட்டுவது) இருந்தால் அதை ஓட்டி, எழுதப்போகும் கோப்புகளின் பட்டியலை எண்ணுங்கள். மூலக் கோப்புகளின் எண்ணிக்கையை மொழிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகையில் ஒன்று குறைந்தாலும், எங்கோ இரண்டு மொழிகள் மோதுகின்றன. பிறகு ஒவ்வொரு மொழியிலும் ஒரே ஒரு சரத்தில் அந்த மொழியின் முழுப் பெயரையும் நாட்டையும் எழுதி, இறக்கி, செயலியைக் கட்டி, மொழியை மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். பிரேசிலைத் தேர்ந்தால் பிரேசில் என்று வரவேண்டும். ஆண்ட்ராய்டில் போலி மொழி வசதியும் (மொழிபெயர்ப்புக்கு வரும் வாக்கியங்களின் எழுத்துகளை உருமாற்றிக் காட்டுவது) இருக்கிறது. அதை இயக்கினால் மொழிபெயர்ப்புக்கு வராமல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட வாக்கியங்கள் தனித்துத் தெரிந்துவிடும்.

இருவழி ஏற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். திட்டம் தொடங்கும்போது ஏற்கெனவே உள்ள மொழிபெயர்ப்புகளைத் தளத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள், அதன்பின் மூலச் சரங்கள் மட்டும் மேலே போகட்டும், மொழிபெயர்ப்புகள் கீழே மட்டும் வரட்டும். வெப்லேட் போலக் களஞ்சியத்தோடு கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகவே பேசும் கருவிகளுக்கு இது வேறு மாதிரி. அங்கே இரு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தினால் முரண்பாடு வெளிப்படையாகவே தெரியும். தனித் தளத்தில் வைத்திருப்பவர்கள் இரவு வேலைகளின் பட்டியலை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தப் பிரேசில் கோப்பைப் பொறுத்தவரை, பாதை வரியில் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து, திருப்பி ஏற்றும் வேலையை நிறுத்தி, தளம் வைத்திருந்த திருத்த வரலாற்றிலிருந்து பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். ஒவ்வொரு சரத்துக்கும் அவர் எழுதிய கடைசி வடிவம் எது, இரவு வேலை எழுதியது எது என்று பயனர் பெயரை வைத்துப் பிரித்தோம். சில சரங்களை அவர் ஒன்பது முறை திருத்தியிருந்தார்.